பன்னிரண்டு அடி நன்றி

1

விமானத்தின் பின்பக்கம், சாப்பாட்டு வண்டிகளை நிறுத்தி வைக்கும் சந்துக்குள் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பணிப்பெண் ஒரு காகிதப் பையை என் கையில் திணித்தாள். உள்ளே இரண்டு குட்டி ஒயின் பாட்டில், ஒரு சாக்லேட் பெட்டி. எங்களால் முடிந்தது இதுதான் டாக்டர் என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு. அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பறக்கும்போது வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு ஏன் முறையாக ஒரு பரிசும் கிடையாது?

நான் எதையும் ஆற அமர யோசிக்கிற ஆள் இல்லை. பை மடியில் இருக்கும்போதே மனசுக்குள் ஒரு சங்கம் ஆரம்பித்து, தலைவி, செயலாளர் எல்லாம் நானே ஆகி, கோரிக்கைகளையும் எழுதிவிட்டேன். விமானத்தில் காபி மிஷின் நின்றுபோனால் பயணிகளில் மெக்கானிக் யாராவது உண்டா என்று ஒலிபெருக்கியில் கேட்பார்களா? கேட்டால்கூட சும்மா செய்யச் சொல்வார்களா? மனுஷ உடம்பு நின்றுபோனால் மட்டும் ஏன் ஓசி?

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொரப்பூர்ப் பக்கத்துக்காரி. தருமபுரியில் மருத்துவம் படித்தேன். இப்போது இங்கிலாந்தின் வடக்கே, மழை ஓயாத ஒரு நகரத்து மருத்துவமனையில் ஜூனியர் டாக்டர். அன்றைக்கு லண்டனிலிருந்து பெங்களூருக்கு வந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் இந்த வருஷம் அப்பாவுக்குப் பரிவட்டம். அந்த மரியாதை வகையறா வகையறாவாகச் சுற்றி வரும். ஒரு சுற்று முடிய ஒரு தலைமுறை ஆகிவிடும். அதைப் பார்க்கத்தான் லீவு போட்டேன். கணவர் அருளுக்கு லீவு கிடைக்கவில்லை. மகனையும் அவரிடமே விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும். இதில் வருகிற பெண்ணின் பெயர், வேலை, ஊர் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பூங்கொடி என்பது அவளே வைத்துக்கொண்ட பெயர். 'எனக்குச் சின்ன வயசுலேர்ந்து இந்தப் பேரு மேல ஆசைங்க' என்றாள். இதை எழுதுகிற இன்றைக்கு, அச்சில் போட அவள் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் சொல்லிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

சாப்பிட்டு முடித்து எல்லோரும் முன்னால் இருந்த திரையில் மூழ்கியிருந்த நேரம். டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்ற அறிவிப்பு வந்தது. ஒன்பது மணி நேரப் பயணத்தில் எந்த டாக்டரும் கேட்க விரும்பாத வாக்கியம் அது. ஆனால் கால் முந்திக்கொண்டது.

நடைபாதையில் ஓர் இளம்பெண் கிடந்தாள். கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு மேலே கட்டைமீசை வைத்த பெரியவர் ஒருவர் நின்றுகொண்டு, மொத்த விமானத்துக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"இரும்பு! யாராச்சும் இரும்பு குடுங்கம்மா! சாவி, கீவி எதாச்சும்!"

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்கிற நம் பக்கத்து வழக்கத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் விமானத்தில் இரும்புக்கு எங்கே போவது? கரண்டிகூட அங்கே மரக்குச்சிதான். பக்கத்து வெள்ளைக்காரர் எதுவும் புரியாமல் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அதற்குள் பெரியவர் தன் வீட்டுச் சாவிக்கொத்தையே எடுத்து, அவள் விரல்களைப் பிரித்து உள்ளே அழுத்தத் தொடங்கிவிட்டார். வேறொருவர் பற்களுக்கு நடுவே மரக்கரண்டியைச் செருகப் பார்த்தார்.

"அண்ணா, கைய வுடுங்க! யாரும் புடிக்காதீங்க! வாயில ஒண்ணும் வெக்காதீங்க!"

தமிழில் கத்தினேன், அதுவும் தருமபுரித் தமிழில். பணிப்பெண் என்னை விழித்துப் பார்த்த பிறகுதான் ஆங்கிலம் வந்தது.

செய்தது ரொம்பக் கொஞ்சம். இடிக்கிற மாதிரி இருந்த பையை நகர்த்தினேன். தலைக்கடியில் போர்வையை மடித்து வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வலிப்பு தானாக வந்தது, தானாக நின்றது. பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும்.

"பாத்தீங்களா?" என்றார் பெரியவர் சுற்றியிருந்தவர்களிடம். "சாவி குடுத்தன். நின்னுச்சி."

உண்மையைச் சொன்னால், அன்று நான் செய்ததில் முக்கால்வாசி மற்றவர்களை எதுவும் செய்யவிடாமல் தடுத்தது.

பூங்கொடிக்கு நினைவு திரும்பியதும் பின்பக்கச் சந்துக்கு அழைத்துப்போய்த் திரையை இழுத்துவிட்டேன். மாற்றிக்கொள்ள என் கைப்பையிலிருந்த சுடிதாரைக் கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்ததால் குழறிக் குழறிப் பேசினாள். பள்ளிக்கூடத்திலிருந்தே இருக்கிறதாம். மாத்திரை சாப்பிட்டால் வருஷக்கணக்கில் வராதாம்.

"மாத்திரை எங்கம்மா?"

"பெரிய பெட்டியிலங்க. கீழ போட்டுட்டாங்க."

"கைப்பையில வெச்சிக்க மாட்டியா?"

"எங்கம்மாதாங்க வேணாம்னாங்க. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க ஏர்போர்ட்டுக்கே வர்றாங்க. கூட சின்னப் புள்ளைங்களும் வரும். வந்தவொடனே சாக்லேட்டுன்னு கைப்பையத்தான் தொறக்கும், மாத்திரை இருந்தா என்னா ஏதுன்னு கேப்பாங்கன்னு..."

ஊருக்கு அவள் போவதே நிச்சயதார்த்தத்துக்கு. எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. ஆனால் அவள் அம்மா மேலும் அதை வைக்க முடியவில்லை. வலிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தட்டை மாற்றாமலே எழுந்துபோன சம்பந்தங்கள் எங்கள் ஊரிலும் உண்டு.

அப்போது பைலட் போனில் வந்தார். பக்கத்தில் ஏதாவது ஒரு நாட்டில் இறக்கட்டுமா, பெங்களூருக்கே போகட்டுமா என்றார். தரையிலிருந்து ஆலோசனை சொல்கிற டாக்டர்களும் என் பதிலுக்குத்தான் காத்திருந்தார்கள்.

பூங்கொடி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எறக்க வேணாம்னு சொல்லுங்கக்கா."

வலிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது, முழு நினைவு வந்துவிட்டது, ஏற்கெனவே தெரிந்த நோய், விட்டுப்போன மாத்திரை. போகலாம் என்றேன். அது வைத்தியக் கணக்கு. ஆனால் அவள் துப்பட்டாவைப் பிடிக்காமல் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அந்த விமானத்தை, பட்டம் வாங்கிச் சில வருஷமே ஆன ஒருத்தியின் ஒரு வார்த்தை நடத்திக்கொண்டு போனது. ஒயின் பாட்டில் கைக்கு வந்தது அதற்கப்புறம்தான்.

3

இன்று காலை விமான நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதனால்தான் டூட்டி இல்லாத நாளில் துணி துவைக்காமல் இதை எழுத உட்கார்ந்தேன். நன்றி தெரிவித்திருந்தார்கள். பயணப் புள்ளிகள் தருகிறார்களாம். கீழே ஒரு படிவம். நோயாளியின் பெயர், இருக்கை எண், என்ன நோய், என்ன சிகிச்சை. கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: 'இந்த நெகிழ்ச்சியான சம்பவத்தை எங்கள் செய்திமடலில் வெளியிடச் சம்மதம்.'

அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருளும் டாக்டர்தான். கல்லூரியில் என் வகுப்பு. நான் சங்கம் ஆரம்பித்த கதையைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறை நீதிமன்றமாகிவிட்டது.

"காசு வாங்கின அடுத்த நிமிஷம் நீ அந்த ப்ளேன்ல டூட்டி டாக்டர் ஆயிடற," என்றான், வெங்காயம் அரிந்தபடி. "ஏதாச்சும் தப்பாச்சுன்னா, மனசு கேக்காம ஓடிப்போய்ப் பாத்தேன்னு அப்பறம் சொல்ல முடியாது."

"அப்ப எவனும் எந்திரிக்கவே மாட்டான். இயர்போன மாட்டிக்கிட்டு, தூங்கற மாதிரி படுத்துக்குவான்."

"நீ படுத்துக்குவியா?"

"என்னால முடியாது."

"அப்பறம் எதுக்குடி காசு?"

அந்தக் கேள்வியே தப்பு என்று தோன்றியது. எழுந்திருப்பவள் எப்படியும் எழுந்திருப்பாள் என்பதற்காக அவளுக்கு எதுவும் தர வேண்டாம் என்பது என்ன நியாயம்? ஊருக்குத் திரும்பிப் போகிற எல்லா நர்ஸையும் டாக்டரையும் இப்படி நம்பித்தானே இந்த விமானங்கள் பறக்கின்றன?

மகன் இனியன் எங்கள் சண்டையில் 'பரிசு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அர்த்தம் கேட்டான். ப்ரைஸ் என்றான் அருள். மகன் கண் விரிந்தது. "மம்மி, டிட் யூ வின்?" நான்கு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவன், இப்போது தமிழில் கேட்டதையும் ஆங்கிலத்தில் மாற்றித்தான் கேட்டுக்கொள்கிறான். வீடியோவில் அப்பா அவனிடம் என்னவோ கேட்பார், இவன் என்னவோ சொல்வான். நடுவில் நான் துபாஷி.

இந்த ஊரில் நன்றி சில்லறை மாதிரி. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் டிரைவருக்குச் சொல்கிறார். ஊசி போட்டால் ஊசிக்குச் சொல்கிறார்கள். நம் பக்கம் வாயால் நன்றி சொன்னால் வேற்றாள் மாதிரி இருக்கும். தருமபுரியில் பயிற்சி டாக்டராக இருந்தபோது, வத்தல்மலைக்காரர் ஒருவர் மனைவியைக் குணமாக்கி அழைத்துப்போனார். கொஞ்ச நாள் கழித்து ஒரு பை சாமையோடு வார்டு வாசலில் வந்து நின்றார். "மலையில வெளஞ்சதுங்க" என்றார். வேறு ஒரு சொல் இல்லை. அந்தப் பையை அவரே தூக்கி வந்தார், எனக்கே கொடுத்தார். என்ன நோய், எப்படிக் குணமானது என்பதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. பரிசு மூன்றாவது ஆள் கையிலிருந்து வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது என்று எனக்குப் புரிய, ஊரில் ஒரு வாரம் ஆயிற்று.

4

பெங்களூரில் இறங்கியதும் சக்கர நாற்காலி தயாராக நின்றது. பூங்கொடி என் முகத்தைப் பார்த்தாள். நடக்க வைத்துப் பார்த்தேன். கால் தடுமாறவில்லை. நாற்காலியைத் திருப்பி அனுப்பினேன். பெட்டி வந்ததும் முதலில் மாத்திரையை எடுத்து என் கண் முன்னால் விழுங்க வைத்தேன்.

வெளியே கம்பிக்கு அப்பால் பூங்கொத்தும் குழந்தைகளுமாக ஒரு கூட்டம். அவள் முன்னால் போனாள். நான் யாரோ போல நான்கு பெட்டி வண்டிகளுக்குப் பின்னால் போனேன்.

"ஏம்மா, மொகம் இப்பிடி வாடிக்கெடக்குது?" மாப்பிள்ளையின் அம்மா அவள் கன்னத்தைத் தொட்டார்.

"தூக்கம் இல்லீங்க அத்தை."

அந்த நேரம் பார்த்து, சாவிக்கொத்துப் பெரியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக அவர்களை நோக்கிப் போனார். முகமெல்லாம் அக்கறை. 'இப்ப எப்பிடிம்மா இருக்குது' என்று கேட்கத்தான் போகிறார். ஓடிப்போய் அவர் வண்டிக்குக் குறுக்கே என் வண்டியை விட்டேன்.

"அண்ணா, இந்தப் பெட்டி சரியுதுங்க. கொஞ்சம் புடிங்களேன்."

"அட, டாக்டரம்மா!" நின்றுவிட்டார். பெட்டியைச் சரிசெய்தார். "நீங்க நம்ம பக்கம் பேச்சு மாதிரி இருந்துச்சே. எந்த ஊருங்க?"

அவரை நகரவிடாமல் பேச்சில் நிறுத்த வேண்டும். ஊரைச் சொன்னேன். அப்பா பேரைக் கேட்டார், சொன்னேன். மாதையன் என்று தன் பேரைச் சொன்னார். தருமபுரியில் மாங்கூழ் வியாபாரம், லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய்த் திரும்புகிறார். "அட, உங்கப்பாவத் தெரியுமே! எங்களுக்கு மாங்கா போட்டிருக்காரு!" பேச்சு முடிந்தபோது பூங்கொடியின் கூட்டம் போய்விட்டிருந்தது. சாமர்த்தியமாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

5

ஊருக்குப் போன மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு வேடியப்பன் போனை நீட்டினான். எங்கள் ஊர் இளைஞர் மன்றத் தலைவர். செல்போன் கடை வைத்திருக்கிறான். திரையில் ஒரு பேனர் மாதிரி. நீல வானம், மேகம், விமானம். நடுவில் நான். என் கல்யாணப் போட்டோவிலிருந்து தலையை வெட்டி, வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டியிருந்தார்கள். ஓரத்தில் மாதையன் கும்பிட்டபடி சிரித்தார், கையில் சாவிக்கொத்தோடு. மேலே கொட்டை எழுத்தில்: 'நடுவானில் வலிப்பு கண்ட இளம்பெண்ணின் உயிர் காத்த எங்கள் மண்ணின் மகளே!' கீழே விமானத்தின் எண்ணும் நாளும்.

"மாதையண்ணன் தான் குரூப்புல போட்டாரு," என்றான் வேடியப்பன். "அவரு செலவு. பண்டிகை அன்னிக்கு மேடையில மாலை, பொன்னாடை. பஸ் ஸ்டாப்புல எட்டடி பேனரு."

"வேடி, பேனர் வேண்டாம்."

"நீங்க வேண்டாம்னுதான் சொல்வீங்க. அதுக்குத்தான வெக்கறோம்."

"நெஜமாவே வேண்டாம்டா. அங்க எங்க சட்டம் அப்பிடி. நோயாளியப் பத்தி வெளிய சொல்லக் கூடாது."

"நீங்க எங்கக்கா சொன்னீங்க? நாங்க சொல்றோம்."

சாயந்திரம் மாதையனே போன் செய்தார். நான் மறுத்ததை வேடியப்பன் சொல்லியிருக்கிறான். "இவ்வளவு படிச்சிட்டு இம்புட்டு அடக்கமா இருக்கறீங்களே!" என்று உருகினார். பேனர் பன்னிரண்டு அடியாயிற்று. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. இன்னும் இரண்டு முறை மறுத்திருந்தால் கலெக்டர் ஆபீசுக்கு எதிரிலும் ஒன்று நின்றிருக்கும்.

அப்பாவின் முகம்தான் என்னைச் சங்கடப்படுத்தியது. பொட்டப்புள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டான் என்று பால் சொசைட்டியில் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டு நின்றவர். இப்போது அதே சொசைட்டியில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்களாம். தலையில் பரிவட்டம், பக்கத்தில் மாலையோடு மகள். "ரெண்டும் ஒரே நாள்ல வருது பாரு கண்ணு" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

6

மறுநாள் பூங்கொடி கூப்பிட்டாள். என் நம்பரை விமானத்திலேயே வாங்கியிருந்தாள்.

"அக்கா, பேனர்ல உங்க மொகம் நல்லா இருக்குதுங்க. ஒடம்புதான் யாருதுன்னு தெரியல."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க அத்தை இருக்கற குரூப்புக்கும் வந்துடுச்சி அக்கா. நான் எந்த ப்ளைட்ல வந்தன்னு அவங்களுக்குத் தெரியும். இன்னும் தொறந்து பாக்கல போலருக்குது. பஸ் ஸ்டாப்புல வெச்சா அப்பறம் பாக்காம எங்க போறது?"

மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் அரூருக்குப் போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும்.

டாக்டராக ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது. "பூங்கொடி, கட்டிக்கப் போறவருக்குத் தெரியணும்மா. இன்னொரு வாட்டி வந்தா என்ன பண்ணணும்னாச்சும் தெரியணும்ல?"

"சொல்லாம கட்டிக்க மாட்டங்க!" குரல் உயர்ந்தது. "அத நான் முடிவு பண்ணித்தான் ப்ளேன் ஏறினன். அம்மாவுக்குத்தான் தெரியாது. அவர எங்க உக்கார வெச்சிச் சொல்றது, எப்பிடி ஆரம்பிக்கறது, எல்லாம் யோசிச்சி வெச்சிருக்கறன். ஆனா என் வாயால சொல்லணுங்க்கா. நான் சொல்றதுக்கு முன்னாடி பேனரு சொல்லக் கூடாது. பேனரு சொன்னா நான் மறைச்சவளாயிடுவன்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் களத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பரிசு கொடுக்க ஒரு கதை வேண்டும். கதை இல்லாமல் பரிசு இல்லை. அந்தக் கதை யாருடையது? நான் அதில் கொஞ்ச நேரம் வந்துபோனவள். உடம்பும் கல்யாணமும் பெயரும் வைத்து அதில் இருப்பவள் அவள். என் கழுத்தில் விழப்போகிற மாலைக்கு அவள் வாழ்க்கையிலிருந்து பூப்பறிக்கிறார்கள். யாருமே கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை.

7

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு மாதையன் காரில் வந்து இறங்கினார். வேடியப்பனும் வந்தான். வாசலில் நாற்காலிகளைப் போட்டார் அப்பா. நான் கடைசி முயற்சியாகப் பேரம் பேசினேன்.

"சரிங்கண்ணா, மேடைக்கு வர்றேன். ஆனா பேனர்ல பொண்ணுன்னு இருக்கக் கூடாது. வலிப்புன்னு இருக்கக் கூடாது. ப்ளைட் நம்பரும் தேதியும் இருக்கக் கூடாது."

வேடியப்பன் தலையைச் சொறிந்தான். "அப்பறம் என்னத்தக்கா போடறது? 'என்னைக்கோ, எங்கயோ, யாருக்கோ, என்னமோ செஞ்ச எங்கள் அக்காவுக்கு வாழ்த்துக்கள்'னா?"

"அதயே போடேன்."

"ஊரே சிரிக்கும்."

"அது கெடக்கட்டும்," என்றார் மாதையன். "சாவி விஷயம் மட்டும் இருக்கட்டும். குடுத்தன், நின்னுச்சில்ல?"

"அண்ணா, சாவி குடுக்கலன்னாலும் நின்னிருக்கும்."

"நீங்க பாக்கலன்னாலும்?"

"ஆமாங்கண்ணா," என்றேன். "நான் பாக்கலன்னாலும் அன்னிக்கு அது நின்னிருக்கும்."

மாதையன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வேடியப்பனிடம் திரும்பி, "பாத்தியாடா? இந்த மனசு யாருக்கு வரும்! பதினஞ்சடியா வெச்சிடு" என்றார்.

எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். அப்பா பின்னாலேயே வந்தார்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ளைக்கு இதனால எதாச்சும் கெடுதல் வருமா?"

"அப்பா, அத நான் சொல்லக் கூடாதுப்பா."

"சரி. கேக்கல."

வாசலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வேடி, பாராட்டு விழாவ நிறுத்திக்க. எங்களுக்குத் தீட்டு."

"என்னாது?"

"அரூர்ப் பக்கத்துல பங்காளி ஒருத்தரு தவறிட்டாரில்ல? இன்னும் காரியம் முடியல."

"அது ரொம்பத் தூரத்துப் பங்காளி, தலை முழுகினாப் போதும்னு நீங்கதான மாமா ஊர்ல சொன்னீங்க?"

"அன்னிக்கு அப்பிடி நெனச்சன். யோசிச்சிப் பாத்தா மனசு ஒப்பல."

வேடியப்பன் லேசில் விடுகிறவன் இல்லை. "சரிங்க, அக்கா கட்டிக்குடுத்த பொண்ணு. அவங்களுக்கு ஏதுங்க உங்க வூட்டுத் தீட்டு?"

"தீட்டு வூட்டு வாசல்லேர்ந்து மாலைக்குக் கெளம்பி வர்றதா? நாளைக்கு ஊர்ல மழை தப்பினா பழிய என் தலையிலதான் போடுவீங்க."

மாதையன் சட்டென்று எழுந்து நின்றார். நான் அத்தனை நாள் பேசிய சட்டமும் நியாயமும் அவரை அசைக்கவில்லை. இது அசைத்தது. "அய்யோ, தீட்டுன்னா அப்பறம் பேச்சே இல்லீங்க. முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" அவரே போனை எடுத்து, குரூப்பிலிருந்த படத்தை அழித்தார். துக்கம் என்பதால் நிகழ்ச்சி ரத்து என்று குரலில் பதிந்து போட்டார். வேறு குரூப்புகளுக்குப் போனதையும் ஆளாளுக்குப் போன் போட்டு அழிக்கச் சொன்னார். சாவு வீட்டின் மேல் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

கார் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. தீட்டு என்று ஊரறியச் சொன்னவர் கோயிலுக்குள் எப்படி நுழைவார்? பரிவட்டம் எப்படிக் கட்டிக்கொள்வார்?

பண்டிகை அன்று அந்த மரியாதை அடுத்த வகையறாவுக்குப் போனது. பம்பைச் சத்தம் எங்கள் மரவள்ளிக் காடு வரைக்கும் கேட்டது. அப்பா மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மா எனக்காக எடுத்து வைத்த பட்டுப்புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டு, யாரையும் குறிப்பிடாமல் திட்டினாள்.

"அப்பா, வருத்தமா இருக்கா?"

"இல்லாம?" மண்வெட்டியை ஊன்றினார். "வருத்தமாத்தான் இருக்குது. என்னா பண்றது? நீ சொல்லக் கூடாதுங்கற, நான் கேக்கக் கூடாதுங்கறன். நடுவுல அந்தத் துணி யாரு தலைக்கோ போவுது. வுடு."

இங்கே திரும்பி வந்த விமானத்தில் ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

8

ஆகவே, பரிசு வேண்டுமா வேண்டாமா? அருளோடு இன்னும் முடியவில்லை. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். களைத்துப்போய் இறங்குகிறவருக்கு ஒரு படுக்கை கொடுங்கள். தப்பாகிப்போனால் வழக்கிலிருந்து காப்போம் என்று எழுதிக் கொடுங்கள். மருந்துப் பெட்டியை ஒழுங்காக நிரப்பி வையுங்கள். ஆனால் கதையைக் கேட்காமல் கொடுங்கள். இதைத்தான் விமான நிறுவனத்துக்குப் பதிலாக எழுதப் போகிறேன், படிவத்தை நிரப்பாமல். புள்ளிகள் வராது. வராவிட்டால் போகட்டும் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அப்பாவை ஒருமுறை இங்கே அழைத்து வர அது உதவியிருக்கும் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே பூங்கொடி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். தருமபுரியில் ஒரு பேக்கரியில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து. எல்லாம் கேட்டுவிட்டு அவர், என் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். வேறு பெண்ணாக இருந்தால் அதோடு நிம்மதியாகி இருப்பாள்.

"நான் ஒத்துக்கலைங்கக்கா," என்றாள் போனில். "அப்பறம் அவங்க வூட்லயும் நான் மாத்திரைய ஒளிச்சி வெக்கணும். பெட்டி மாத்திப் பெட்டி வெக்கறதுக்கா கல்யாணம்? அத்தைகிட்டயும் நானே சொல்லிடறன். வர்ற ஞாயித்துக்கெழம. நீங்க வீடியோவுல இருங்க. நான்தான் பேசுவன். அவங்களா எதாச்சும் கேட்டா மட்டும் நீங்க சொல்லுங்க."

"ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்கலன்னா ஒத்துக்கல. தெரிஞ்சி வேணாம்னு சொன்னாங்கன்னு இருக்கட்டும்."

இரண்டு நாளாக வீட்டில் ஒத்திகை நடக்கிறது. அருள்தான் மாப்பிள்ளையின் அம்மா. துண்டைத் தோளில் முந்தானை மாதிரி போட்டுக்கொண்டு உட்காருகிறான். இனியனுக்கு ஒன்றும் புரியாமல் கைதட்டுகிறான்.

"ஏம்மா டாக்டரு, பொறக்கற கொழந்தைக்கும் இது வருமா?"

"எல்லாருக்கும் வரும்னு இல்லீங்கம்மா. பெரும்பாலும் வராதுங்க. முன்கூட்டியே டாக்டர் பாத்து மருந்த சரி பண்ணிக்கிட்டா..."

"ரொம்ப வேகம்," என்கிறான் அருள், துண்டைச் சரிசெய்துகொண்டு. "மருந்து விக்க வந்தவ மாதிரி இருக்கு. அந்தம்மா பயத்துல கேக்கறாங்க. மொதல்ல அவங்க பயத்துக்கு எடம் குடு."

ஆங்கிலத்தில் இந்தப் பதிலை வாரத்துக்கு நான்கு முறை சொல்கிறேன், தடுக்காமல் வரும். தமிழில், எங்கள் பக்கத்துத் தமிழில், ஒரு மாமியாரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது பொய்யும் சேரக் கூடாது, கலவரமும் சேரக் கூடாது. இன்னும் சரியாக வரவில்லை. ஞாயிறுக்கு நாள் இருக்கிறது. அருள் மறுபடி உட்கார்ந்துவிட்டான். இந்த முறை மெதுவாக ஆரம்பிக்கிறேன்.